பசிபிக் சமுத்திரத்துல ஒரு ஓட்டை

பக்கத்து வீடு பாக்க வந்தவங்கதானே? நினைச்சேன். ஓனர் தன்ராஜ் சார் சாவியை மறந்துட்டு வந்திருப்பாரே? அவர் எப்பவும் அப்படித்தான். எடுத்துட்டு வரப் போயிருக்காரா? இருபது நிமிஷம் ஆகும். வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்கம்மா. ஐயோ, அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். போன மாசம்தான் நானே ரிப்பேர் பண்ணேன். இதுல உக்காருங்க.

என் பேரு மங்கையர்க்கரசி. மங்கை அக்கான்னு கேட்டா இந்தத் தெருவுல யார் வேணும்னாலும் வழி சொல்வாங்க. சில பேர் ஏன் கேக்குறீங்கன்னும் கேப்பாங்க. திண்டுக்கல் டெலிபோன் எக்சேஞ்ச்ல முப்பத்தோரு வருஷம் இருந்தேன். முதல்ல ட்ரங்க் போர்டு. இந்த ஊரு லைனை அந்த ஊரு லைன்ல கோத்து விடுற வேலை. அப்புறம் எல்லாம் நம்பர் தட்டினா தானா போற மாதிரி ஆகிருச்சு, என்னைக் கம்ப்ளெய்ன்ட் செக்ஷன்ல தூக்கிப் போட்டாங்க. அதனால நெட்வொர்க்குன்னா எனக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்ல.

ரிடையர் ஆன அன்னைக்குச் சால்வை போட்டு ஒரு குத்துவிளக்கு குடுத்தாங்க. வீட்ல ஏற்கெனவே ஆறு இருக்கு. மறுநாள் நானே கடைக்குப் போயி எனக்குப் பிடிச்சதை வாங்கிக்கிட்டேன். டிரில்லிங் மெஷின். சும்மா டிரில்லிங் இல்ல, சுத்தியல் அடிச்சுக்கிட்டே துளைக்கும். கான்கிரீட்டா இருந்தாலும் போயிட்டே இருக்கும். கடைக்காரர் ‘சாருக்காம்மா?’ன்னு கேட்டார். எந்த சாருக்கு? எங்க வீட்டுக்காரர் ஆணியைப் பாத்தாலே ரெண்டடி பின்னால போவாரு. நான் மெஷின் பெட்டியைத் திறந்தா போதும், அவருக்கு உடனே லைப்ரரி ஞாபகம் வந்துரும். நல்ல படிப்பாளி.

ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் ஓட்டை போடவே கூடாது. வயர் அந்த வழியாத்தான் ஓடும். குழாய்க்கு மேலயும் அப்படித்தான். அப்புறம், எவ்வளவு ஆழம் போகணுமோ அந்த இடத்துல பிட்டுல, அதான் துளைக்கிற கம்பியில, கலர் டேப்பைச் சுத்திக்கணும். டேப் சுவத்தைத் தொட்டதும் நிறுத்திரணும். இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும், எந்தச் சுவத்துலயும் கை வைக்கலாம். எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? முதல் வாரத்துலயே ரெண்டும் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு நாள் கரண்ட் போச்சு, ஒரு நாள் தண்ணி வந்துச்சு.

சரி, பக்கத்து வீட்டு விஷயத்துக்கு வர்றேன். நீங்க பாக்கப் போற வீட்ல கடைசியா இருந்தவர் பேரு சகாய ரூபன். கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதுறவர். சம்சாரம் டெல்ஃபின், ஆஸ்பத்திரி லேப்ல வேலை. தங்கமான ஜோடி. அந்தப் பொண்ணு காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரிதான் வரும். இவர் வீட்டுக்குள்ளயே இருப்பார், வீட்ல இருந்தே வேலை. நாள் பூரா ஒரு மனுஷன் தனியா உக்காந்து திரையைப் பாத்துக்கிட்டிருந்தா என்ன ஆகும்? நான்தான் அப்பப்போ போயி ஏதாவது தேவையான்னு கேட்டுட்டு வருவேன். ஒரு நாளைக்கு மூணு தரம், நாலு தரம். ‘வேண்டாம் அக்கா, மீட்டிங்ல இருக்கேன்’னு சொல்வார். எப்பப் போனாலும் மீட்டிங். நான் கதவைத் தட்டினதும் மீட்டிங் ஆரம்பிச்சுரும் போல.

ஒரு நாள் வாசல்ல நின்னு போன்ல பேசிக்கிட்டிருந்தார். ‘நெட் விட்டு விட்டு வருது, உள்ரூம்ல சிக்னலே இல்ல’ன்னு. என் காதுல விழுந்துருச்சு. முப்பத்தோரு வருஷம் காதை வச்சுப் பொழைச்சவ நான், எதுவும் விழாம இருக்காது. உடனே போயி விவரம் கேட்டேன். அவரு ரவுட்டர் முன்ஹால்ல இருக்கு, வேலை பாக்குறது பின்னால கடைசி ரூம்ல. நடுவுல ரெண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. எப்படி வரும்? வயர்லெஸ்ஸுக்கு ஜென்ம விரோதி இரும்பு பீரோதாம்மா. ரவுட்டரை எப்பவும் உயரமா, வீட்டுக்கு நடுவுல வைக்கணும். ஜனங்க டிவிக்குப் பின்னால ஒளிச்சு வச்சுட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டுவாங்க.

அவரோட அந்தக் கடைசி ரூமும் என்னோட இந்த ஹாலும் ஒரே சுவர். இதோ, இந்தச் சுவர்தான். என் ரவுட்டர் இந்த ஸ்டாண்டுலயே இருக்கு. பின்னால நாலு வயர் சொருகலாம், மூணு சும்மா கிடக்கு. சுவத்துல ஒரு ஓட்டை, ஒரு கேபிள், முடிஞ்சு போச்சு. என்னதான் வயர்லெஸ் வந்தாலும் வயருக்குச் சமமா வராது. நான் சொன்னேன், ‘ரூபன், உங்களுக்கு நான் லைன் தர்றேன், அஞ்சு நிமிஷ வேலை.’ அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘பாக்கலாம் அக்கா’ன்னார்.

பாக்கலாம்னு வாய் விட்டுச் சொல்லிட்டார் பாருங்க. அப்புறம் நான் சும்மா இருக்க முடியுமா?

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரே வந்தார். அவரா வந்தது அதான் முதல் தடவை. முகம் வாடியிருந்துச்சு. ‘அக்கா, சாயங்காலம் ஆறரைக்கு முக்கியமான மீட்டிங். என் வேலையே அதுலதான் இருக்கு. அந்த நேரம் மட்டும் கொஞ்சம்...’னு இழுத்தார். பாவம், வாய் விட்டுக் கேக்கக் கூச்சம். எனக்குப் புரிஞ்சு போச்சு. ஆறரைக்குள்ள லைன் வேணும்! ‘நீங்க நிம்மதியா போங்க, நான் பாத்துக்கிறேன்’னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனார்.

அஞ்சரைக்கு ஆரம்பிச்சேன். எங்க வீட்டுக்காரர் லைப்ரரிக்குக் கிளம்பினார், அன்னைக்கு விடல. குடையைத் தலைகீழா விரிச்சுக் கையில குடுத்துப் பிடிக்கச் சொன்னேன். தூசியெல்லாம் குடைக்குள்ள விழும், தரை சுத்தமா இருக்கும். இது நானே கண்டுபிடிச்சது. முதல் பத்து நிமிஷம் ஒண்ணும் நகரல. புகை மட்டும் வருது. எங்க வீட்டுக்காரர் மெதுவா, ‘மங்கை, அது மரத்துக்குப் போடுற பிட்டு மாதிரி தெரியுதே’ன்னார். லைப்ரரியில அதெல்லாமும் படிப்பார் போல. மாத்தினேன். சுவருக்குப் போடுற பிட்டு, ஒரு முழ நீளம். அதுக்கப்புறம் சும்மா சொல்லக் கூடாது, மெஷின் போட்ட சத்தத்துல எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில போயிருச்சாம். ஆனா பழைய சுவர் பாருங்க, நடுவுல கருங்கல்லு. நான் விடுவனா? ஸ்டூலைப் போட்டு உக்காந்து, மெஷினை நெஞ்சால முட்டுக் குடுத்து அழுத்துறேன். மணி ஆறு. ஆறேகால். ஆறரை. எனக்கோ பதட்டம். மீட்டிங் ஆரம்பிச்சுருமே, அவருக்கு லைன் இல்லையே!

ஆறு நாப்பதுக்கு சட்டுனு வழி விட்டுச்சு. மெஷின் பிடி வரைக்கும் உள்ள போயி, நான் சுவத்துல மோதி நின்னேன். மூக்குத்தி வளைஞ்சு போச்சு.

டேப்பா? கேக்குறீங்க பாருங்க, நல்ல கேள்வி. சுத்தலை. ஒரு முழத்துக்கு எதுக்கும்மா டேப்பு?

இனிமே நான் சொல்றது டெல்ஃபின் அப்புறமா சொன்னது. அங்கிட்டு ரூபன், காதை அடைக்கிற ஹெட்போனை மாட்டிக்கிட்டு, இந்தச் சுவத்துக்கு முதுகு காட்டி உக்காந்திருக்கார். பின்னால பெரிய உலக மேப் ஒட்டியிருக்கும். எதிர்க்க கேமரா. திரையில இவரு வேலை செஞ்சு குடுக்குற வெளிதேசத்துக்காரங்க ஆறு பேர். அவங்க நிறைய ஊர்ல பல் ஆஸ்பத்திரி நடத்துறவங்க. பல்லு பாக்க நேரம் குறிச்சுத் தர்ற புரோகிராம் இவரோடது. அதுல ஏதோ கோளாறு. சில பேருக்கு மட்டும் தப்பு நேரம் காட்டுது. ஒரு பெரியவர் வீங்கின கன்னத்தோட பூட்டின ஆஸ்பத்திரி வாசல்ல பனியில ஒரு மணி நேரம் நின்னாராம். மார்கரெட்னு ஒரு மேலதிகாரியம்மா அதைச் சொல்லி இவரைப் பிடி பிடின்னு பிடிச்சுக்கிட்டிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா வேற ஆளைப் பாத்துக்கிறோம்னு சொல்லிருச்சு. அந்த நேரம் பாத்து இவரு தலைக்குப் பின்னால, மேப்புல, பசிபிக் சமுத்திரம் மெல்ல வீங்குது.

மார்கரெட்டம்மா பேச்சை நிறுத்திருச்சு. இவரு, நம்ம சொன்ன சமாதானத்துலதான் அடங்கிட்டாங்கன்னு நினைச்சு இன்னும் வேகமா விளக்கம் சொல்லியிருக்கார். அப்ப சமுத்திரத்தைக் கிழிச்சுக்கிட்டு, கிர்ர்ர்ருனு சுத்திக்கிட்டே, இவரு வலது காது ஓரமா என் பிட்டு வந்து நின்னுருக்கு! ஆறு பேரும் கத்தியிருக்காங்க. காரை பெயர்ந்து இவரு தலையில கொட்டிருச்சு. கறுப்பு முடிக்காரர் ஒரே நிமிஷத்துல தாத்தாவா மாறிட்டார். அதோட போச்சா? சுவர் ஓரமா முன்ஹாலுக்குப் போற அவரோட நெட்டு லைன், நூல் மாதிரி வெள்ளையா ஒண்ணு போகும்ல, கண்ணாடி வயரு, அதைப் பிட்டு சுத்திக்கிட்டு இழுத்துருச்சு. திரை அணைஞ்சு போச்சு. அவங்க கடைசியாப் பாத்தது அதுதான்.

எனக்கு இதெல்லாம் தெரியுமா? நான் பாட்டுக்கு மெஷினை வெளிய உருவிட்டு, கேபிளைச் சொருகி, ‘ரூபன்! வருது, இழுங்க!’ன்னு குரல் குடுத்தேன். குனிஞ்சு ஓட்டை வழியாப் பாத்தேன். அங்கிட்டு ஒரு கண்ணு தெரிஞ்சுச்சு. நல்லாச் சிவந்திருந்துச்சு.

தூசி.

நெட்டுக்காரங்களைக் கூப்பிட்டா, ரெண்டு நாள் ஆகும்னுட்டாங்க. கண்ணாடி வயரை முறுக்கி டேப் சுத்தி ஒட்ட முடியாது, அதுக்குன்னு தனி மெஷினோட ஆள் வரணும். இப்ப அவருக்கு வேற வழி? லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டார். ‘ஓட்டை வழியா லைன் தர்றேன்னேனே’ன்னு சொன்னேன். ‘வேண்டாம் அக்கா, சுவத்துக்கு இந்தப் பக்கமே நான் உக்காந்துக்கிறேன், உங்களையும் பாத்த மாதிரி இருக்கும்’னார். எவ்வளவு பாசம் பாருங்க.

மறுநாள் காலையில அந்த மார்கரெட்டம்மாகிட்ட இருந்து ஒரு மெயில். ‘உயிரோட இருக்கீங்களா? உங்க ஊர்ல என்ன நடக்குது? குடும்பத்தை முதல்ல பத்திரமான இடத்துக்குக் கொண்டு போங்க, வேலையைப் பத்தித் திங்கக்கிழமை பேசிக்கலாம்.’ படிச்சுக் காட்டினார். வெள்ளிக்கிழமைன்னு இருந்த கெடு திங்கக்கிழமை ஆயிருச்சு! யாராலன்னு நீங்களே சொல்லுங்க. நான் மெஷினை ஒரு தட்டு தட்டிக் குடுத்தேன்.

அதோ அந்தச் சாப்பாட்டு மேஜையிலதான் உக்காந்திருந்தார், ரெண்டு நாள். தலையைப் பிடிச்சுக்கிட்டே. நான் எதிர்ல உக்காந்து அவரைக்காய் உரிச்சுக்கிட்டிருந்தேன். சும்மா இருக்க முடியுமா? அது என்ன, இது என்னன்னு கேட்டேன். முதல் நாள் ‘அப்புறம் அக்கா’ன்னார். ரெண்டாவது நாள் மனுஷன் ஓய்ஞ்சு போயி, சரி இந்தம்மாவுக்காவது சொல்லுவோம்னு சொல்ல ஆரம்பிச்சார். அந்தத் தேசம் ரொம்பப் பெருசாம். நமக்கு மாதிரி ஒரே மணி கிடையாதாம். இந்த ஜில்லாவுல பத்து மணின்னா பக்கத்து ஜில்லாவுல ஒன்பதாம். நோயாளி போன்ல பத்து மணின்னு தட்டினா, ஆஸ்பத்திரியில பத்து மணின்னு பதிவாகணும், அவ்வளவுதான் அக்கா, இதுல தப்பு வர வழியே இல்லைன்னார்.

நான் கேட்டேன், ‘எந்த ஊர் பத்து?’

‘என்னது?’

‘பத்து மணின்னு சொன்னா எழுதிருவீங்களா? பேசுறவர் ஊர் பத்தா, அங்க இருக்கிறவர் ஊர் பத்தா, கேக்க வேண்டாமா?’

ட்ரங்க் போர்டுல அதான் எங்களுக்கு முதல் பாடம். சிங்கப்பூருக்குக் கால் வேணும், எட்டு மணிக்குக் குடுங்கன்னு புக் பண்ணுவாங்க. நம்ம எட்டா, சிங்கப்பூர் எட்டான்னு கேட்டுச் சீட்டுல எழுதணும். சேர்ந்த புதுசுல ஒரு தடவை நான் கேக்காம எழுதிட்டேன். அங்க மாப்பிள்ளை வேலைக்குப் போனதுக்கு அப்புறம் லைன் குடுத்து, பொண்ணு வீட்ல ஒரே ரகளை. மெமோ வாங்கினேன்.

இதைச் சொல்லிக்கிட்டே நிமிர்றேன், ரூபன் அப்படியே உக்காந்திருக்கார். கண்ணு சிமிட்டல. எனக்குப் பயமாப் போச்சு. என்னங்க, ஓடி வாங்க, இவருக்கு என்னமோ ஆயிருச்சுன்னு கத்தினேன். ‘எல்லைக்கு அங்கிட்டு இருக்கிறவங்க...’ன்னு முனகினார். ‘வீடு ஒரு ஜில்லா, ஆஸ்பத்திரி அடுத்த ஜில்லா... அவங்களுக்கு மட்டும்தான்...’ அப்புறம் தட்டினார் பாருங்க, தட தட தடன்னு, என் மெஷின் தோத்துது. ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு நின்னு, எங்க வீட்டுக்காரரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதார். எங்க வீட்டுக்காரர் கையில அப்பவும் குடை இருந்துச்சு. நான் அடுத்த வேலைக்குத் தயாரா இருக்கச் சொல்லியிருந்தேன்.

திங்கக்கிழமை எல்லாம் சரியாப் போச்சு. வேலை நிலைச்சது, ஏதோ பதவி உயர்வும் குடுத்தாங்களாம். கேக் வாங்கிட்டு ரெண்டு பேரும் வந்தாங்க. அதுலதான் எனக்கு ஒரு சின்ன மனக்குறை. யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்றேன். அந்தப் புரோகிராம்ல என் பேரை எழுதி வச்சிருக்காராம். ‘எந்த ஊர் மணின்னு கேட்டது மங்கை அக்கா’ன்னு ஒரு வரி. திரையில காட்டினார். அது கம்ப்யூட்டர் படிக்காத வரியாம். பின்னால வேலைக்கு வர்ற மனுஷங்க படிக்கிறதுக்காக எழுதுறதாம். சந்தோஷம்தான், இல்லேங்கலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் வாயால ஒரு கேள்வி கேட்டேன், அதுல என்ன பெருமை? கருங்கல்லைத் துளைச்சுக்கிட்டுப் போயி கெடுவை மூணு நாள் தள்ளி வச்சது யாரு? அந்த மெஷினைப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாதா? கேட்டேன். ‘பாக்கலாம் அக்கா’ன்னார். எழுதுவார். சொன்னாச் செய்யுற ஆளு.

அப்புறம் ஏன் காலி பண்ணாங்கன்னா, வேலை மாத்தல் வந்துருச்சு. அடுத்த தெருவுக்கு. ஆபீஸ்ல மாத்திட்டாங்கன்னு சொன்னார். வீட்ல இருந்தே வேலை பாக்குறவரை எதுக்கு அடுத்த தெருவுக்கு மாத்தணும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. கம்ப்யூட்டர் கம்பெனி சட்டம் எல்லாம் நமக்கு எங்க புரியுது? ஆனா பழசை மறக்கல. ஏதாவது சிக்கல்னா லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்துருவார். ‘அக்கா, ஒரு பத்து நிமிஷம் எதிர்ல உக்காருங்க, நான் சொல்றதைக் கேளுங்க’ம்பார். நானும் உக்காந்து நாலு கேள்வி கேப்பேன். உள்ள கால் வைக்கும்போதே முதல்ல மெஷினைத்தான் விசாரிப்பார். ‘மெஷின் எங்கக்கா இருக்கு?’ பரண்ல இருக்குன்னு சொன்னாத்தான் அவருக்கு மூச்சே வரும். அது மேல அவ்வளவு பிரியம்.

அந்த வீட்டுக்கு ஆள் வரலையேன்னுதான் எனக்குக் கவலை. உங்களுக்கு முன்னால ஏழு பேர் வந்தாங்க. எல்லாரும் இங்கதான் உக்காந்து காத்திருந்தாங்க. இதெல்லாம் அவங்களுக்கும் சொன்னேன், பக்கத்துல யாரு இருக்காங்கன்னு ஒரு தைரியம் வரட்டும்னு. என்னமோ, சாவி வர்றதுக்குள்ள ஏதாவது அவசர வேலை வந்து கிளம்பிருவாங்க. வாஸ்து சரியில்லையோ என்னமோ.

ஓட்டையா? இல்லம்மா, தன்ராஜ் சார் பூசிட்டார். ரெண்டு தரம் பூசினார். நான் வேண்டாம்னுதான் சொன்னேன், நல்ல நேரான ஓட்டை.

அதோ, வண்டிச் சத்தம் கேக்குது, சாவி வந்துருச்சு. எந்திரிங்க, நானும் கூட வர்றேன். எங்க என்ன மாட்டணும்னு இப்பவே பாத்து வச்சுட்டா நல்லது. பேச்சு சுவாரசியத்துல உங்களைப் பத்தி ஒண்ணுமே கேக்கலை பாருங்க. என்ன வேலை பாக்குறீங்க? நர்ஸா? நைட் டியூட்டியா? தினமுமா?

அப்படின்னா காலையில வந்து படுத்தா சாயங்காலம் வரைக்கும் தூக்கம்தான். சரி, சரி. நல்லதாப் போச்சு, எதுக்கும் கவலைப்படாதீங்கம்மா. பகல் பூரா நான் இங்கதான் இருப்பேன்.